ஒரு நாய்க்கு உண்ணியால் வந்த நோய் வீட்டிலுள்ள மற்றைய நாய்க்கும் பரவுமா?

கேள்வி எழுதியவர்: கடற்கரை ஒழுங்கை

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் வசிக்கிறோம். எங்களிடம் இரண்டு நாய்கள் உள்ளன. கறுப்பிக்கு நான்கு வயது. தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தோம். ரொமிக்கு இரண்டு வயது. நல்லூர்த் தேருக்காக யாழ்ப்பாணம் போனபோது இரண்டையும் பத்து நாட்களுக்கு நாய்களைப் பராமரிக்கும் ஓர் இடத்தில் விட்டுச் சென்றோம். திரும்பி வந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் கறுப்பி சோற்றை முகர்ந்துவிட்டு விலகத் தொடங்கியது. ஒருநாள் காலையில் குசினி வாசலின் சீமெந்துத் தரையில் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளைக் கண்டேன். காலில் ஏதாவது குத்தியிருக்கும் என்று நினைத்துப் பாதங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது தும்மியது. என் சட்டைக் கையில் இரத்தம் தெறித்தது. மூக்கிலிருந்துதான் கசிந்திருக்கிறது.

மிருக வைத்தியர் குருதியைச் சோதித்து, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் 38,000 மட்டுமே இருப்பதாகவும், எர்லிக்கியா என்ற பற்றீரியா தொற்றியிருப்பதாகவும் சொன்னார். டொக்சிசைக்கிளின் மாத்திரையை 28 நாட்கள் கொடுக்க வேண்டுமாம். இன்று ஆறாவது நாள். கறுப்பி ஓரளவு சாப்பிடுகிறது.

எனக்குள்ள சந்தேகங்கள் இவை. இரண்டு நாய்களும் ஒரே தட்டில் தின்கின்றன, ஒரே சாக்கில் படுக்கின்றன. இதனால் ரொமிக்கும் தொற்றுமா? ரொமியின் காதிலும் உண்ணிகளைப் பிடுங்கினேன், ஆனால் அது துள்ளி விளையாடுகிறது. அதையும் சோதிக்க வேண்டுமா? இணையத்தில் வாசித்த கட்டுரையொன்று, உண்ணி கடித்து ஒன்றரை நாள் ஒட்டியிருந்தால்தான் நோய் பரவும், ஆகவே தினமும் பார்த்துப் பிடுங்கினால் பயமில்லை என்றது. நான் தினமும் பிடுங்கத்தானே செய்தேன்! கடைசியாக, நேற்று சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றியபோது அதன் பின்னால் மிளகுத் தூளைத் தூவியதுபோல் ஏதோ இருந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் ஊர்ந்தன. இவையும் நோயைச் சுமந்தவையா? வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருப்பதால் அம்மா மிகவும் பயப்படுகிறார்.

—

பதில்: பழைய கொட்டாஞ்சேனை

பிள்ளை, பயப்பட வேண்டாம். டெங்கு வந்து சிறுதட்டு இறங்கியபோது என் மகனுக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்தோம், ஏறிவிட்டது. நாய்க்கும் அதையே இரண்டு தேக்கரண்டி கொடுத்துப் பாருங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவினால் தானாகக் கழன்று விழும். எங்கள் காலத்தில் மிருக வைத்தியரிடம் யார் போனார்கள்?

—

பதில்: ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்

வெள்ளவத்தை அன்பருக்கு, நீண்ட காலம் மிருக வைத்தியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நாயைப் பார்க்கும் வைத்தியர் சொல்வதே இறுதியானது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

தட்டாலும் சாக்காலும் இந்நோய் பரவாது. எர்லிக்கியா கனிஸ் என்ற இப்பற்றீரியா வெண்குருதிக் கலங்களில் ஒருவகையின் உள்ளே மட்டுமே பெருகுவது. கலத்துக்கு வெளியே அதற்கு வாழ்வில்லை. எனவே நக்குவதாலோ, எச்சில் சோற்றாலோ, ஒன்றாகப் படுப்பதாலோ ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் போகாது. அது போவதற்கு உண்ணி வேண்டும், அல்லது நோயுள்ள நாயின் குருதியை இன்னொரு நாய்க்கு ஏற்ற வேண்டும். ஒரே சாக்கில் படுப்பதில் ஆபத்து உண்டு என்றால், அது அந்தச் சாக்கில் உண்ணியும் படுத்திருப்பதால்தான்.

கொழும்பு வீடுகளில் நாம் காண்பது கபில நிற நாய் உண்ணி. ரைப்பிசெபலஸ் சங்குயினியஸ் என்பது அதன் நூற்பெயர். இந்த உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறைதான் குருதி குடிக்கிறது: ஆறு கால்களுடன் குடம்பியாக ஒருமுறை, எட்டுக் கால்களுடன் அணங்காக ஒருமுறை, முதிர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு விழுந்து, சுவர் வெடிப்பிலோ தளபாடத்தின் அடியிலோ ஒளிந்து, தோலுரித்து, அடுத்த பருவத்துக்கு மாறி, மறுபடி ஒரு நாயைத் தேடிப் புறப்படுகிறது. அது முன்பு கடித்த நாயாகவே இருக்க வேண்டும் என்ற நியதி அதற்கில்லை. கறுப்பியிடம் குடம்பியாக இருந்தபோது குடித்த குருதியோடு பற்றீரியாவை உள்வாங்கிய உண்ணி, உங்கள் சுவருக்குள் தோலுரித்து அணங்காகி, ரொமியின் காதில் ஏறும்போது அதைத் தன் உமிழ்நீரோடு உள்ளே செலுத்துகிறது. தோல் மாறினாலும் தொற்று மாறுவதில்லை. நாயை விட்டு இறங்கி ஐந்து மாதங்கள் கழிந்த பின்னரும் உண்ணி நோயைக் கொடுக்கவல்லது என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எர்லிக்கியா தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குக் கடப்பதில்லை. ஆகவே நாட்காட்டியின் பின்னால் நீங்கள் கண்ட மிளகுத் தூள், அதாவது அப்போதுதான் பொரித்த குடம்பிகள், எர்லிக்கியாவைப் பொறுத்தமட்டில் வெறுங்கையோடு பிறந்தவை. அவற்றுக்கு அதைக் கொடுக்கக்கூடியது நோயுள்ள நாய்தான். இன்றைய நிலையில் உங்கள் வீட்டில் அந்த நாய் கறுப்பி. அவை கறுப்பியை அடையுமுன் அழிந்துவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுகிறது. அடைந்துவிட்டால் சில வாரங்களில் தோலுரித்து நோய் காவும் அணங்குகளாக வெளியே வரும். ஒரு பெண் உண்ணி ஓராயிரத்திலிருந்து நாலாயிரம் முட்டைகள் வரை இடும் என்பதையும், கொழும்பின் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டைவரை இரண்டு மூன்று மாதங்களே போதும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். குளிர்நாடுகளில் மாரிகாலம் செய்யும் உதவியை இங்கு எந்த மாதமும் செய்வதில்லை.

ஒன்றரை நாள் கணக்கைப் பற்றி. நீங்கள் வாசித்தது பெரும்பாலும் லைம் நோய் பற்றிய கட்டுரையாக இருக்க வேண்டும். அதுவும் உண்ணியால் பரவும் பற்றீரியா நோய்தான். ஆனால் அதன் கிருமியான பொரேலியா வேறு, அதைக் காவும் இக்சோடிஸ் உண்ணி வேறு, அது பரவலாக உள்ள வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேறு. அங்கே கிருமி உண்ணியின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர நேரமெடுப்பதால், ஒரு நாளைக்குள் பிடுங்கினால் பெரும்பாலும் தப்பலாம். எர்லிக்கியாவில் அந்த அவகாசம் இல்லை. கிருமியைச் சுமந்த உண்ணி ஒட்டிய ஒருசில மணி நேரத்திலேயே கிருமி நாய்க்குள் போய்விடுகிறது. தினமும் பிடுங்கியது வீண்போன வேலையல்ல. பிடுங்கிய ஒவ்வொரு பெண் உண்ணியும் ஒரு முட்டைக்குவியல் குறைந்ததற்குச் சமம். ஆனால் அதை மட்டும் காவலாக நம்பியிருக்கக் கூடாது. ஊர் மாறி வந்த அறிவுரையால் ஏமாந்த நாய் வளர்ப்போரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஆண் உண்ணியைப் பற்றி ஒரு சொல்: பெண்ணைப்போல் ஓரிடத்தில் ஒட்டிக் கொழுக்காமல், சிறிது குடித்துவிட்டு ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாறிச் செல்வதும் அதன் வழக்கம். தோலுரிக்கக் காத்திராமலே அது நோயைக் கடத்தும்.

ரொமி துள்ளி விளையாடுவது மகிழ்ச்சிதான், ஆனால் அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். கடித்த பின் எட்டு முதல் இருபது நாட்களில் காய்ச்சலும் சோர்வும் தொடங்கலாம். சில வாரங்களில் அது தானாகவே அடங்கி, நாய் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நலமாய்த் தோன்றியவாறு கிருமியைச் சுமக்கலாம். அவற்றுள் சில பின்னர், குருதிக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சையே சோர்ந்துபோகும் நிலைக்கு வருகின்றன. அந்தக் கட்டத்தில் மருந்து பெரிதாக உதவுவதில்லை. ஆகவே ரொமியைச் சோதிப்பது அவசியம். கறுப்பிக்கும் அந்த நாய்ப் பராமரிப்பு இடத்தில்தான் தொற்றியது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மூன்று வாரக் கணக்கு பொருந்துகிறது என்பது உண்மை. தெருவில் பிறந்த குட்டி பழைய தொற்றைச் சுமந்து வந்து இப்போது வெளிக்காட்டுகிறது என்பதும் அதே அளவு பொருந்தக்கூடியது.

இந்நோயை முதன்முதலில் 1935இல் அல்ஜீரியாவில் விவரித்தார்கள். உலகம் அதைத் திரும்பிப் பார்த்ததோ, 1960களின் இறுதியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து நூற்றுக்கணக்கில் இறந்தபோதுதான். அவற்றுள் பெரும்பாலானவை ஜேர்மன் ஷெப்பேர்ட். அந்த இனத்துக்கு இந்நோய் இன்றும் கடுமையாகவே வருகிறது.

கொட்டாஞ்சேனை அண்ணருக்கு ஒரு வேண்டுகோள். டெங்கில் நோயாளி வைரசைத் தானே வெல்கிறார், சிறுதட்டும் தானே ஏறுகிறது. அந்தப் பெருமை இலைச் சாற்றுக்குப் போய்விடுகிறது. இங்கே பற்றீரியாவைக் கொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாயை இழக்க நேரிடும். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கினால் நஞ்சாகும். கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள போத்தலில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மனிதருக்கான அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. சிறுதட்டு குறைந்த நாயில் அவை குருதிப்பெருக்கைக் கூட்டும்.

—

பதில்: தெஹிவளை மாடி வீடு

டொக்டர் ஐயா சுவரைப் பற்றிச் சொன்னது எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். எங்கள் நாய்க்கும் இதே நோய் வந்தது. ஐந்தாவது நாளே எழுந்து வாலாட்டியது. மாத்திரை விலையும் கொஞ்சமல்ல; பத்தாவது நாள் நானே நிறுத்திவிட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடி படுத்துவிட்டது. அப்போது காட்டிய வைத்திய நிலையத்தில், முதல் மருந்தை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வெட்கத்தில் சொல்லவில்லை. வேறோர் இடத்துக்குக் கொண்டுபோன பின்னர்தான் 28 நாட்களையும் முழுமையாகக் கொடுத்தேன். இன்னொன்று: அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கிறது, சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னால் தண்ணீரும் குடிக்கவைக்க வேண்டும். பாலோடு கொடுக்கக் கூடாது என்றார்கள்.

ஆனால் மருந்தைவிட என்னை அலைக்கழித்தது வீடுதான். உண்ணி தரையில்தான் இருக்கும் என்று நினைத்துத் தரையை மூன்று நாளுக்கு ஒருமுறை பினைல் போட்டுக் கழுவினேன். அவையோ மேலே ஏறுகின்றன. கொழுத்த பெண் உண்ணி, ஈயச் சாம்பல் நிறத்தில் ஊறவைத்த கடலையளவு, தளராமல் சுவரில் ஏறிப் போவதை ஒருநாள் இரவு விளக்குப் போட்டபோது கண்டேன். அதைப் பின்தொடர்ந்து பார்த்ததில் மின்சுவிட்ச் பலகையின் விளிம்புக்குள் நுழைந்தது. மறுநாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பலகையைக் கழற்றினால், உள்ளே கபில நிற முட்டைகள், சவ்வரிசியைப் பொடியாக்கிக் கொட்டியதுபோல் குவிந்திருந்தன. அதன்பின் சாமிப்படங்களின் பின்புறம், திரைச்சீலைக் கம்பி, கதவு நிலையின் மேல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வெடிப்புகளை எல்லாம் உறிஞ்சி, அந்தப் பையைக் கட்டி எரித்துவிட்டு, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தேன். நாய் படுக்கும் துணிகளைக் கொதிநீரில் போட்டேன். பூச்சிக்கொல்லி தெளிப்பவரையும் அழைத்தேன். முதல்முறை தெளித்ததில் முட்டைகள் தப்பிவிட்டன, மூன்று வாரத்துக்குப் பிறகு இன்னொரு முறை தெளிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் பூனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெர்மெத்திரின் கலந்த நாய் மருந்துகள் பூனைக்கு எமன்.

—

பதில்: ஆய்வுகூட ஊழியர்

நாய்களின் குருதி மாதிரிகளைப் பார்க்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். ரொமியின் சோதனை பற்றி ஒரு விளக்கம் மட்டும் சொல்கிறேன். சில துளி குருதியில் சில நிமிடங்களில் முடிவு தரும் அட்டைச் சோதனை, கிருமியைக் காண்பதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியையே காண்கிறது. தொற்றிய முதல் ஓரிரு வாரங்களில் அது உருவாகியிராததால், தொற்று இல்லையென முடிவு வரலாம். மறுபக்கமாக, குணமான நாயிலும் அது பல மாதங்கள் நின்று, உண்டு என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கறுப்பியின் சிகிச்சை முடிந்தவுடன் அதே அட்டையில் மறுபடி சோதித்து, இன்னும் போகவில்லையே என்று கலங்க வேண்டாம். சிறுதட்டு எண்ணிக்கை உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே பயன். நாய்க்கு அது பொதுவாக 2,00,000 முதல் 5,00,000 வரை இருக்க வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை தெளிவானது, ஆனால் செலவு கூடியது. நுணுக்குக்காட்டியில் கலத்துக்குள் எர்லிக்கியாவின் கொத்தை நேரில் காண்பது அரிது. என் மேசைக்கு வரும் கண்ணாடித் தட்டுகளில் நான் அதைக் கண்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொரு விடயம். அதே உண்ணி அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் என்ற வேறொரு பற்றீரியாவையும் காவுகிறது; அது சிறுதட்டுக்குள்ளேயே குடியேறுவது. அதனால் எண்ணிக்கை ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறும். இன்று எடுத்த அறிக்கை நன்றாயிருந்தால் அடுத்த வாரமும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பபேசியா என்பதோ பற்றீரியாவே அல்ல, செங்குருதிக் கலத்தை உடைக்கும் ஒட்டுண்ணி. அதில் ஒரு வகையான பபேசியா கிப்சோனி 1910இல் சென்னையில் வேட்டை நாய்களின் குருதியில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. நம் நாட்டு நாய்களிலும் அடிக்கடி காண்கிறோம். டொக்சிசைக்கிளின் தொடங்கிய பின்னரும் பல் முரசு வெளிறிக்கொண்டே போனாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, இதையும் தேடிப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

—

கேள்வி எழுதியவர்: கடற்கரை ஒழுங்கை

எல்லோருக்கும் நன்றி. ரொமியை நேற்றுச் சோதித்தோம். அட்டையில் கோடு தெளிவாக விழுந்தது, சிறுதட்டு 1,10,000. வைத்தியர் அதற்கும் 28 நாள் மருந்து எழுதினார். இரண்டு நாய்களுக்கும் மூன்று மாதம் வேலை செய்யும் என்று ஒரு மெல்லும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார். நாட்காட்டியின் பின்னாலிருந்தவற்றை அகன்ற ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து ஸ்பிரிட்டில் போட்டேன். ஐயா, அந்த மாத்திரை கொடுத்த பின்னும் உண்ணி ஒட்டியிருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லையா? பிள்ளையைப் பற்றிய அம்மாவின் கேள்விக்கும் ஒரு பதில் சொல்வீர்களா?

—

பதில்: ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்

அந்த வகை மாத்திரை நாயின் குருதியில் கலந்திருந்து, உண்ணி கடித்துக் குடித்த பிறகே அதைக் கொல்கிறது. ஆகவே ஒட்டிய உண்ணியைக் காண்பீர்கள். ஒருநாளில் அது செத்து உலர்ந்துவிடும். வீட்டில் உண்ணிப் பெருக்கத்தை நிறுத்துவதில் அது மிகச் சிறந்தது. கடிக்கவே விடாமல் தடுப்பது அதன் வேலையல்ல. அதற்கு விரட்டும் மருந்து ஊறிய கழுத்துப்பட்டி வேறாக உண்டு. உங்கள் வாசலில் தெரு நாய்கள் படுப்பதால் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். குணமான நாய்க்கும் இந்நோய் மறுபடி வரும், தடுப்பூசி கிடையாது.

பிள்ளைக்குக் கறுப்பியிடமிருந்து இந்நோய் நேராகத் தொற்றாது. இந்த உண்ணி மனிதரைக் கடிப்பது குறைவு. எர்லிக்கியா கனிஸ் மனிதரில் காணப்பட்டதும் மிக அரிது. எனினும் ரிக்கெட்சியா வகைப் புள்ளிக் காய்ச்சல் நம் நாட்டில் உண்டு, உலகின் சில பகுதிகளில் அதைப் பரப்புவது இதே நாய் உண்ணிதான். நாம் பொதுவாக உண்ணிக் காய்ச்சல் என்றழைப்பதில் ஒன்று, உண்மையில் உண்ணியால் வருவதே அல்ல, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குடம்பியால் வருவது; அது வேறு கதை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொழும்பில் எவரும் முதலில் டெங்கைத்தான் நினைப்பார்கள். வீட்டில் உண்ணி இருந்தது என்பதையும் வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

—

பதில்: பழைய கொட்டாஞ்சேனை

சரி டொக்டர், இலைச் சாற்றை விட்டுவிடுகிறேன். நான் இப்போது எங்கள் வீட்டுச் சாமிப்படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது படத்தின் பின்னால் இரண்டு இருந்தன.